புண்ணாற்றி: 'வல்னரரி' என்னும் சொல்லுக்குத் தமிழ்

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படும் 'வல்னரரி' என்னும் சொல், புண்ணை ஆறச் செய்யும் தாவரத்தையோ மருந்தையோ குறிக்கும். புண் எனப் பொருள்படும் 'வல்னஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். எளிதில் ஊறுபடத்தக்கது என்று பொருள்தரும் 'வல்னரபிள்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஐரோப்பியர் புண்ணுக்கு வைத்துக் கட்டிவந்த ஒரு செடிக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் 'ஆந்திலிஸ் வல்னரேரியா' என்று பெயரிட்டபோது, ஊர்வழக்கின் நம்பிக்கை அப்படியே அறிவியல் பெயருக்குள் புகுந்துகொண்டது. அந்தப் பெயரைப் பெற அன்று எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மருந்தின் செய்கையைச் சுட்டுவதற்குச் சித்த மருத்துவக் குணபாடம் (மருந்துப் பொருள்களின் குணம் கூறும் துறை) கோழையகற்றி, சிறுநீர்பெருக்கி, வெப்பகற்றி போன்ற சொற்களைக் கையாள்கிறது. அதே வார்ப்பில் அமைவது புண்ணாற்றி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்ற விதிப்படி, புண் என்பதும் ஆற்றி என்பதும் சேர்ந்து இவ்வடிவம் பெறுகின்றன. 'காயமாற்றி' என்றும் சொல்லலாமே எனில், காயம் என்பது உடலையும் பெருங்காயத்தையும்கூடக் குறிக்கும் என்பதோடு, அச்சொல்லை 'மாற்றி' என்று பிரித்துப் படித்து மயங்கவும் இடமுண்டு. ஆயுர்வேதத்தின் 'விரணரோபணம்' பொருத்தமான சொல்லே. ஆனால் வைத்தியர் அல்லாதாருக்கு அது விளங்காது.

இச்சொல்லின் உயிர் அதன் பின்பாதியில் இருக்கிறது. புண் ஆறும் என்பது பழைய வழக்கு. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்கிறது குறள். ஆறிப்போவதால் தீ சுட்டதைப் புண் என்றும், ஆறாமல் கிடப்பதால் நா சுட்டதை வடு என்றும் வள்ளுவர் சொன்னதாகப் பரிமேலழகர் விளக்குவார். ஆறு என்பது தன்வினை. ஆற்று என்பது பிறவினை. நலமுள்ள உடலில் ஏற்படும் சிறு காயம், எதையும் தடவாவிட்டாலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும். அப்படியிருக்க, ஒரு பச்சிலையைப் புண்ணாற்றி என்று அழைக்க வேண்டுமானால், தானே ஆறியிருக்கக்கூடிய அளவையும் வேகத்தையும் அது விஞ்சியது என்று காட்டியாக வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனை முழுவதும் ஆறியதையும் ஆற்றியதையும் வேறுபடுத்தும் முயற்சியே.

அச்சோதனை பெரும்பாலும் எலிகளில் நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, முதுகில் வட்டமாகத் தோலை நீக்கி, ஒரு பிரிவுக்குச் சாறு கலந்த களிம்பும், இன்னொரு பிரிவுக்குச் சாறு கலக்காத வெறும் களிம்பும், வேறொரு பிரிவுக்கு ஏற்கெனவே வழக்கிலுள்ள மருந்தும் தடவுவார்கள். சில நாள்களுக்கொரு முறை புண்ணின் விளிம்பை ஒளிபுகும் தாளில் வரைந்தெடுத்துப் பரப்பைக் கணக்கிடுவார்கள். பொருக்கு உதிர்ந்து மேல்தோல் மூட எத்தனை நாள் ஆயிற்று என்றும் குறிப்பார்கள். மற்றொரு முறையில், நேராகக் கீறித் தைத்த காயம் மூடிய பின், அது மீண்டும் பிரிய எவ்வளவு இழுவிசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். புதிதாக வளர்ந்த திசுவில் ஹைட்ராக்சிபுரோலின் எவ்வளவு என்று பார்ப்பதும் உண்டு. கொலாஜன் புரதத்தில் மிகுந்து காணப்படும் அமினோ அமிலம் என்பதால், அது திசுவின் கட்டுமானத்துக்கு ஓர் அளவுகோலாகிறது. இவற்றுள் வெறும் களிம்பு தடவிய பிரிவையே நான் முதன்மையாகக் கருதுவேன். அது இல்லாத சோதனையில் புண் ஆறியது மட்டுமே தெரியும்.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக் கத்தி பட்டாலோ அட்டை கடித்தாலோ கைக்கு எட்டிய இலையைக் கசக்கி வைத்துக் கட்டுவது இயல்பு. இரத்தம் நின்றதும் 'நல்ல மருந்து' என்று பெயர் வந்துவிடுகிறது. ஆனால் இரத்தத்தை நிறுத்துவது குருதிப்பெருக்கடக்கியின் வேலை. சீழ்பிடிக்காமல் காப்பது அழுகலகற்றியின் வேலை. புண்ணை ஆற்றுவது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. ஓர் இலை இம்மூன்றையும் செய்யக்கூடும், ஒன்றை மட்டும் செய்யவும் கூடும். 'மரபு' என்ற அடைமொழியிலும் சற்று நிதானம் வேண்டும். வெட்டுக்காயப்பூண்டு என்று நாம் உரிமையோடு அழைக்கும் செடியே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவியதுதான்.

சோதனைக்கு உட்பட்ட நீலகிரிச் செடிகளுள் குறிப்பிடத்தக்கது, சோலை ஓரங்களில் மஞ்சளாகப் பூக்கும் ஹைபெரிகம் ஹூக்கெரியானம். இதன் இலை, தண்டுச் சாறுகளைக் களிம்பாக்கி, வெட்டி நீக்கிய காயம், கீறிய காயம் ஆகிய இருவகையிலும் எலிகளில் நைட்ரோபியூரசோன் என்னும் கிருமிக்கொல்லிக் களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று, ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியின் ஆய்வாளர்களுக்கு அதில் பங்குண்டு. சாறு, புண் சுருங்குவதை விரைவுபடுத்தியது என்பது அதன் முடிவு. எனினும் எலித்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் இருப்பதால், அதன் புண் பெரிதும் சுருங்கியே மூடுகிறது. மனிதனிடத்திலோ புதுத் திசு நிரம்புவதும், அதன்மேல் தோல் படர்வதுமே பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே இத்தகைய முடிவை எழுதும்போது 'எலிகளில் புண்ணாற்றும் திறன் காணப்பட்டது' என்று எழுதுவதே பொருந்தும். மனிதரில் முறையாகச் சோதித்த பின்னரே அச்செடியைப் புண்ணாற்றி என்று அடையின்றிக் குறிப்பிடலாம்.