சப்வூஃபர்: முதலில் பாட்டுக்கு, அப்புறம் படத்துக்கு

ஹோம் தியேட்டர் மாட்டி முடித்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் போட்டுப் பார்ப்பது ஒரு சண்டைக் காட்சிதான். குண்டு வெடித்து சோபா அதிர்ந்தால் எல்லோருக்கும் திருப்தி. பேஸ் என்கிற கீழ்ச் சத்தத்தை மட்டும் எழுப்பும் பெட்டியான சப்வூஃபரின் வால்யூமை அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் எனக்கு போன் வரும்: "சார், படம் சூப்பரா இருக்கு. பாட்டு போட்டாதான் ஒரே கும்முனு இருக்கு."

சப்வூஃபரில் கோளாறு இருக்காது. படத்தில் அதற்கு இருக்கும் வேலை வேறு, பாட்டில் வேறு. ஐந்து முழுச் சேனலும் கூடுதலாக ஒன்றும் சேர்ந்ததை 5.1 என்கிறோமே, அந்த .1 என்பது வெடி, இடி போன்ற சத்தங்களுக்கென்றே பதிவு செய்யப்படும் தனி சேனல். 120 ஹெர்ட்ஸ் வரை போகும். மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக முழங்க அதற்கு இடம் உண்டு. பாட்டோ பெரும்பாலும் இரண்டே சேனல். அதில் ஸ்பீக்கர்களுக்கு எட்டாத கீழ் பேஸை மட்டும் ரிசீவர் (ஸ்பீக்கர்கள் எல்லாம் இணைந்திருக்கும் மையப் பெட்டி) பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புகிறது. வெடிச்சத்தம் சற்று இழுத்தாலும் யாருக்கும் உறுத்தாது. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதினால் பாட்டே குழம்பிவிடும்.

நம் வீட்டு அறைகள் இதைப் பெரிதாக்குகின்றன. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்றால் பேஸ் வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் சத்தத்தைத் தானாகவே பெருக்கி முழங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதில் இரண்டாவது கட்டத்தை அழுத்தினால் 46. அந்த ஒரு சுரம் மட்டும் வீட்டையே அதிர வைக்கும், பக்கத்துச் சுரம் காதில் விழாது. சப்வூஃபரை மூலையில் வைத்தால் இது இன்னும் கூடும். ஆனால் நடக்க இடைஞ்சல் என்று எல்லோரும் மூலையில்தான் தள்ளுகிறார்கள்.

இதற்காக இன்னும் விலை கூடிய சப்வூஃபர் வாங்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் கிட்டார் தெளிவாக வரும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் ஒன்று அகப்படும், அங்கே வையுங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' (கீழ் பேஸ் சப்வூஃபருக்குப் போகட்டும்) என்றும், ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சத்தம் பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை அதிக ஹெர்ட்ஸ் பக்கமாகக் கடைசி வரை திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸ் இரண்டு முறை வடிகட்டப்படும்.

இனி வால்யூம். பேஸ் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கைகாட்ட முடிந்தால், அது அதிகம். சப்வூஃபரை அணைத்தால் பாட்டு வெறுமையாக வேண்டும், போட்டால் சப்வூஃபர் இருப்பதே தெரியக் கூடாது. படம் பார்க்கும்போது ரிசீவரில் 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள், முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ராத்திரியில் அதையும் ஏற்ற வேண்டாம். சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் வைத்தால் தரையில் இறங்கும் அதிர்வு குறையும். காற்று வழியாகச் சுவரை அதிரவைக்கும் பேஸை அது தடுக்காது.