சீழ் கோக்காத புண்

சீமைக்கருவேல முள் குத்தி, மூன்றாம் நாள் பாதம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்த நிலையில் வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். "கிருமி என்ன பாடு படுத்தியிருக்கு பாருங்க டாக்டர்" என்பார்கள். அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் பெரும்பாலும் அவர்களுடைய உடலே செய்துகொண்ட வேலை என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள்.

பாக்டீரியாவின் உடலில் நம் செல்கள் எவற்றிலும் இல்லாத சில பொருள்கள் உண்டு. சிலவற்றின் புறச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த பொருள் இருக்கும். நீந்தும் வகைகளின் கசையிழை ஃபிளாஜெல்லின் என்னும் புரதத்தால் ஆனது. தோலுக்கடியில் நிலையாகக் குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள், 'டோல்' வகை ஏற்பிகளைக் கொண்டு இவற்றை அடையாளம் காண்கின்றன. மனிதரிடம் இத்தகைய ஏற்பிகள் 10 மட்டுமே உள்ளன. பாக்டீரியா தன் உயிருக்கு ஊறின்றி எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பாகங்களையே அவை குறிவைப்பதால், அந்தச் சொற்ப எண்ணிக்கையே பெருமளவு போதுமானதாக இருக்கிறது. பழ ஈக்களில் 1996இல் ஜூல் ஹாஃப்மனும், எலிகளில் 1998இல் புரூஸ் பாய்ட்லரும் இந்த ஏற்பிகளின் பணியை வெளிப்படுத்தி, 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கிருமியை அறிந்த மேக்ரோபேஜ், சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்க, அருகிலுள்ள நுண்குழாய்கள் விரிந்து சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர் கசிந்து வீக்கம் வருகிறது. அதே சைட்டோகைன்கள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டுவதால் காய்ச்சல் ஏறுகிறது. கசிந்த சுவரின் வழியே நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் நெருக்கியடித்து வெளியேறி, கிருமிகளை விழுங்கிக் கொன்று தாமும் மடிகின்றன. நாம் முகம் சுளிக்கும் சீழ் பெரும்பாலும் இவற்றின் பிணக்குவியல்தான். 1882இல் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ் நட்சத்திர மீனின் இளம் புழுவில் ரோஜா முள்ளைச் செருகி, அதைச் சுற்றி அணுக்கள் மொய்ப்பதைக் கண்டு இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தார் என்பதை, ஒவ்வொரு முள்ளைப் பிடுங்கும்போதும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே, சீழ் கோத்த காலைவிடச் சீழ் கோக்காத காலே சிலரிடம் எனக்கு அச்சம் தருகிறது. புற்றுநோய்க்குக் கீமோ ஊசி போட்டுப் பத்து நாள் ஆன ஒரு பெண்மணி, 101 டிகிரி காய்ச்சலோடு வந்தார். காலில் முள் குத்திய தடம் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவே. "சீழே இல்லையே டாக்டர், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றார். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500க்கு மேல் இருக்கவேண்டிய நியூட்ரோபில் எண்ணிக்கை கீமோவால் அவருக்கு 500க்கும் கீழே இறங்கியிருந்தது. எச்சரிக்கை மணி அடித்தது. ஓடிவர ஆள் இல்லை. இத்தகையோருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கவேண்டும். கீமோ பெறுபவர்கள் 100.4 டிகிரியைத் தொட்டாலே, பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காத்திராமல், அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிடவேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர்களிடம் நியூட்ரோபில்கள் மந்தமாகின்றன. பாதம் மரத்திருந்தால் வலியும் தெரியாது. அவர்கள் நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது நல்லது.

அந்தப் பெண்மணிக்கு ஆறாம் நாள் எண்ணிக்கை ஏறியது. மறுநாள் புண் வீங்கிச் சிறிது சீழ் வைத்தது. குடும்பத்தார் பதறி ஓடிவந்தார்கள். எங்களுக்கு அன்றுதான் மூச்சு வந்தது.