கேசரி பவுடர் – சொல் விளக்கம்

ரவா கேசரி, ஜிலேபி, லட்டு போன்றவற்றுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் ஏற்ற மளிகைக் கடையில் சின்ன டப்பாவில் விற்கும் பொடி. கேசரி கலர், ஃபுட் கலர் என்றும் கேட்டு வாங்குவார்கள்.

சொல்லின் வேர் வடமொழியில் இருக்கிறது. கேசரம் என்றால் பூவுக்குள் இருக்கும் இழை. பிடரி மயிருக்கும் அதே சொல்தான். சிங்கத்துக்குக் கேசரி என்ற பெயர் வந்தது அதனால். குங்குமப்பூ என்று நாம் வாங்குவதும் ஒரு பூவின் உலர்ந்த சூல்முடி இழையே, ஆகவே அதுவும் கேசரம், இந்தியில் கேசர். அந்த நிறத்தில் கிண்டிய ரவை இனிப்பு கேசரி ஆனது. குங்குமப்பூ விலை எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அது இருந்த இடத்துக்குச் சாயம் வந்தது, பெயர் மாறவில்லை.

சரி, டப்பாவில் இருப்பது என்ன? பின்பக்கத்தில் 102 என்று இருந்தால் டார்ட்ராசின், 110 என்றால் சன்செட் யெல்லோ. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டு ஆலையில் செய்பவை. 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 வயது, 8–9 வயதுப் பிள்ளைகளுக்கு இவையும் வேறு சில சாயங்களும், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பிள்ளைகளின் துறுதுறுப்பு கூடியது, கவனம் சிதறியது. விளைவு சிறியதுதான், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சாயங்கள் உள்ள உணவின் உறையில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும். நம் நாட்டில் இவற்றுக்கு இனிப்புகளில் அளவோடு அனுமதி உண்டு, அந்த எச்சரிக்கை வரி கிடையாது. வீட்டிலோ ஒரு சிட்டிகை என்று கண்ணளவாகப் போடுகிறோம். குழந்தை சாப்பிடும் பொருளில் இது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? நிறமூட்டி என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும்கூட நிறமூட்டிகளே. செயற்கை உணவுச் சாயம் என்பதே பொருத்தம். டார்ட்ராசினை உணவில் மட்டுமா போடுகிறார்கள், கம்பளிக்கும் பட்டுக்கும் அதே சாயத்தை ஏற்றுகிறார்கள். பேச்சில் சாயப்பொடி போதும்: “அண்ணே, இந்த ஜிலேபில சாயப்பொடி போட்டிருக்கீங்களா?”