பழைய எண்ணெய்க்குச் சீட்டு இருக்கிறதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதுவதும் வரி விவரங்களைத் தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் மசாலாக் கடை, டேக்அவே, கல்யாணச் சமையல், தையல்கூடம் என்று நடத்திவரும் நம்மவர்களே என்னிடம் வருவோரில் பெரும்பாலோர். சில ஆண்டுகளாக அவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். தங்கள் வியாபாரம் நியாயமானது, சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாதது என்பதை வெளியாருக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான் அது. பெரிய வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஒப்பந்தப் படிவங்களில் இப்போது அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. கடைக்கு வரும் இளைஞர்களும் விசாரிக்கிறார்கள். கேட்க வருபவர் கையில் பெரும்பாலும் பச்சை இலை அச்சிட்ட ஸ்டிக்கர் மாதிரியோ பழுப்புக் காகிதப் பையோ இருக்கும். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ரசீதுக் கோப்பைக் கேட்பேன். ஒரு கடை உண்மையாகவே ஏதாவது நல்லது செய்திருந்தால், அது வரவிலோ செலவிலோ எங்காவது ஒரு சீட்டில் தடம் விட்டிருக்கும்.

சமோசா, மிளகாய் பஜ்ஜி, சிப்ஸ் பொரிக்கும் டேக்அவேக்களில் நான் முதலில் பார்ப்பது எண்ணெய்க் கணக்கு. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் கறுத்து, நுரைத்து, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்நாட்டு உணவு விதி சொல்கிறது. ஆகவே அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய எண்ணெய் எங்கே போகிறது என்பதில்தான் ஒரு கடையின் குணம் தெரிகிறது.

சிலர் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். குழாய்க்குள் அது ஆறி உறைந்து, துணி நார், டிஷ்யூ காகிதம் எல்லாவற்றையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு சாக்கடையை அடைத்துவிடுகிறது. கழிவுநீர் ஆள்நுழை குழியின் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்து, மழைநீர்க் கால்வாய் வழியாகக் கடலில் சேர்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்நகரின் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சிதைந்து, ஈ.கோலை கிருமிகளால் கடற்கரைகள் அடிக்கடி மூடப்பட்டதையும், விடுமுறைக்கு வருவோரை நம்பிப் பிழைத்த சிறு கடைகள் அதனால் பட்ட பாட்டையும் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பழுதுக்கு வெள்ளமும் பராமரிப்புக் குறைவும்தான் பெரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நம் பின்கட்டுக் குழாய் அந்தக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழி இதைவிட மோசமானது, ஆனால் பணம் தருவது. சிறு லாரியில் வரும் ஒருவர் பழைய எண்ணெய்க்கு ரொக்கம் கொடுத்து டிரம்மோடு எடுத்துப் போவார். எங்கே கொண்டு போகிறார் என்று அவரும் சொல்லமாட்டார், கடைக்காரரும் கேட்கமாட்டார். இப்படிப் போகும் எண்ணெயில் ஒரு பகுதி வடிகட்டி வெளுக்கப்பட்டு, பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டில்களில் ஏழைக் குடியிருப்புகளில் சமையலுக்கே திரும்ப விற்கப்படுவது இந்த நாட்டில் பலகாலமாக உள்ள சிக்கல். பயோடீசல் தயாரிப்புக்காக வாங்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேதியும் லிட்டர் அளவும் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். விலை மட்டும் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஃபீனிக்ஸில் டேக்அவே நடத்தும் ஓர் அம்மையார் இந்த இரண்டு விலைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, "அண்ணா, சீட்டுக்காக இவ்வளவு பணத்தை விடணுமா?" என்று கேட்டார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவருடைய கணக்கில் என்ன தெரியும் என்பதைக் காட்டினேன். மாதம் பத்து டின் எண்ணெய் வாங்கியதற்கு பில் இருக்கிறது. பொரியலோடு போனது போக மீதியில் ஒரு லிட்டர்கூடக் கடையை விட்டு வெளியேறியதற்கு ஆதாரம் இல்லை. சுகாதார ஆய்வாளர் கேட்டாலும் பதில் இல்லை, ஒப்பந்தப் படிவத்தின் கட்டத்தில் எழுதவும் ஒன்றுமில்லை. லாரிக்காரர் தரும் ரொக்கமோ கல்லாவில் விழாமல் பைக்குள் போகிற பணம், அதாவது வருமானத்தில் காட்டாத பணம். அவர் சீட்டுத் தருபவருக்கே விற்க முடிவு செய்தார். இப்போது அவருடைய கோப்பில் எண்ணெய் வாங்கிய பில்லும் கொடுத்த சீட்டும் மாத வாரியாக ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. நான் பார்த்தவரையில் எந்தப் பச்சை ஸ்டிக்கரையும்விட இதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது கூலிப் புத்தகம். காகிதப் பைக்கு மாறிவிட்டதாகப் பெருமைப்படும் கடையில் சம்பளச் சீட்டே கொடுப்பதில்லை என்பதை அடிக்கடி பார்க்கிறேன். 2019 ஜனவரி 1 அன்று மணிக்கு 20 ராண்டில் தொடங்கிய தேசிய குறைந்தபட்சக் கூலி, 2024 மார்ச்சில் 27.58 ராண்டாகவும் 2025 மார்ச்சில் 28.79 ராண்டாகவும் ஏறியது. 2025ஆம் ஆண்டின் அந்த விகிதப்படி வாரம் 45 மணி நேரம் உழைப்பவருக்கு வாரத்துக்கு 1,295.55 ராண்ட் சேர வேண்டியிருந்தது. "நாங்கள் மூன்று வேளையும் சாப்பாடு போடுகிறோம், வந்துபோக டாக்சிக் காசும் கொடுக்கிறோம்" என்பது வழக்கமாக வரும் பதில். அது நல்ல மனசுதான். ஆனால் சாப்பாடு, போக்குவரத்துப் படி, டிப்ஸ், போனஸ், பொருளாகக் கொடுப்பது எதையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குறைத்துக் கொடுத்தது நிரூபணமானால், குறைத்த தொகையின் இருமடங்கு அல்லது அவருடைய மாதக் கூலியின் இருமடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

கல்யாணச் சமையல் எடுத்து நடத்துபவர்கள் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. பரிமாறவும் பாத்திரம் கழுவவும் இரண்டரை மணி நேரத்துக்கு ஆள் கூப்பிட்டாலும், 4 மணி நேரக் கூலி கொடுத்தாக வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிற எவரையும், அவர் பெயர் வேலையாளர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலையின்மைக் காப்பீட்டில் பதிவு செய்து, அவர் பங்கு 1 விழுக்காடும் முதலாளி பங்கு 1 விழுக்காடும் செலுத்த வேண்டும். கோவிட் ஊரடங்கின்போது வேலையாளர் உதவித்தொகை இந்தக் காப்பீட்டு நிதி வழியாகத்தான் வந்தது. பதிவு செய்யாத கடைகளின் வேலையாட்கள் பிற நிவாரணங்களைத் தேடி அலைந்ததை நேரில் கண்டவன் என்பதால், இதை வெறும் படிவ வேலை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பிடித்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தால், தட்டு உடைந்தால், அன்று வேலையில் இருந்தவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது நம் கடைகளில் எழுதாத சட்டம்போல் நடந்து வருகிறது. எழுதிய சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. வேலையாளின் தவறால்தான் நஷ்டம் ஏற்பட்டிருக்க வேண்டும், அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், பிடிப்பது உண்மையான நஷ்டத்துக்கு மேலும் போகக் கூடாது, கூலியில் நாலில் ஒரு பங்குக்கு மேலும் போகக் கூடாது. மொரீஷியசின் கரும்புத் தோட்டங்களில் ஒரு நாள் வராத ஒப்பந்தக் கூலிக்கு இரண்டு நாள் கூலியை வெட்டும் வழக்கம் இருந்ததைப் பற்றி விழா மேடைகளில் உருக்கமாகப் பேசுகிறோம். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்திறங்கிய இந்தியர்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங்தான் கூலி. அவர்களுடைய கொள்ளுப்பேரர்களின் கடையில் "உடைசல்" என்று ஒரு பத்தி கூலிப் புத்தகத்தில் இருப்பதைக் காணும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மசாலாக் கடைகளுக்குச் சீட்டு வேறொரு வகையில் உயிர்நாடி. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபோஸ் என்ற பூச்சிக்கொல்லி காரணம் என்று கண்டறியப்பட்ட பிறகு, நாடெங்கும் சிறு உணவுக் கடைகள் பதிவு செய்துகொள்ள உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஆய்வாளர்கள் முதலில் கேட்பது சரக்கு எங்கே வாங்கியது என்பதையே. பில் இல்லாமல் மலிவாக வாங்கிய மிளகாய்த்தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது நாக்குக்குத் தெரியாது. 2005இல் பிரிட்டனில் ஒரே ஒரு மிளகாய்த்தூள் சரக்கில் இருந்த, உணவில் தடைசெய்யப்பட்ட 'சூடான்' என்ற சிவப்புச் சாயம் ஒரு சாஸ் வழியாகப் பரவி, 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவைத்தது. அங்கே எந்தெந்தப் பொருளில் அது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தாள் இருந்ததுதான் காரணம். நம் கடையில் மூட்டை வந்த தேதியையும் கொடுத்தவர் பெயரையும் அரைத்த நாளையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க ஒரு ராண்ட்கூடச் செலவில்லை.

பொட்டலத்துக்கு வருகிறேன். ஸ்டைரோஃபோம் பெட்டியை விட்டுவிட்டு "மக்கும்" பெட்டிக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் சோள மாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகைப் பெட்டிகள் 60 டிகிரி அளவு வெப்பத்தை நாள்கணக்கில் தக்கவைக்கும் தொழிற்கூட உரக்குழிகளில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தோட்டத்திலோ நகராட்சிக் குப்பைமேட்டிலோ அவை ஏறத்தாழ அப்படியே கிடக்கும். அந்த வசதி எட்டாத இடத்தில் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கி, "எங்கள் பெட்டி மண்ணோடு மண்ணாகும்" என்று எழுதி ஒட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் எந்த வாசகத்துக்கும் கடைக்காரரே பொறுப்பு. தீர்ப்பாயம் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு அல்லது 10 லட்சம் ராண்ட், எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். என்னைக் கேட்டால், சொந்தப் பாத்திரம் கொண்டுவருபவருக்கு விலையில் சிறிது குறைத்துக் கொடுங்கள் என்பேன். கோயில் அன்னதானங்களில் வாழையிலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு வந்ததும் ஏன் அது பெட்டியாக மாறிவிடுகிறது என்பது எனக்குப் புரிந்ததில்லை.

சோலார் தகடுகளைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு போதும். லோட் ஷெடிங் வாட்டிய நாட்களில் பலர் கடைக்கூரையில் தகடு போட்டார்கள். ஒரு மெகாவாட்டுக்கு உட்பட்ட அமைப்புகளின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக் கூரையில் போட்ட தகட்டையும் கடைக் கணக்கில் எழுதச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டோரின் வணிக உரிமையை ஊக்குவிக்கும் பி.ஈ.ஈ. திட்டத்தின் உறுதிமொழிப் பத்திரமும் அப்படித்தான். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ராண்டைத் தாண்டாத பொதுவான சிறு வணிகத்துக்கு ஆய்வுச் சான்றிதழ் தேவையில்லை, உரிமை யாருடையது என்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரமே போதும். அது எளிது என்பதாலேயே, கூட்டிப் பெருக்க வரும் பெண்மணியின் பெயரைப் பங்குதாரராக எழுதும் ஆசை சிலருக்கு வருகிறது. அது பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

நம்மைவிடச் சிறியவர்களுக்கு எப்போது பணம் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. அரசுத் துறைகள் 30 நாட்களுக்குள் பில் தொகையைத் தர வேண்டும் என்பது விதியாக இருந்தும் இழுத்தடிக்கிறார்கள் என்று நம் கடைக்காரர்கள் குமுறுவதில் நியாயம் இருக்கிறது. அதே கடைக்காரர், சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரையும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் விற்கும் பாட்டியிடம் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம், ஆயா" என்கிறார். அந்தம்மாவின் சரக்கு மறுநாளே வாடிவிடும். அவருக்கு வங்கிக் கடனும் கிடையாது. கணக்கில் இது நாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளின் பட்டியலில் நாற்பது, ஐம்பது ராண்டாகத் தெரியும் சின்ன வரி. அந்தப் பட்டியலில் மிகச் சிறிய தொகைகளை முதலில் தீர்க்கும்படி நான் சொல்வதுண்டு, ஏனெனில் அங்கேதான் ஒவ்வொரு ராண்டும் ஒருவருடைய அன்றைய அடுப்போடு சம்பந்தப்பட்டிருக்கிறது.

"இதையெல்லாம் செய்தால் பக்கத்துக் கடையோடு விலையில் போட்டி போட முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. சில வியாபாரங்களில் முடியாமலும் போகலாம். வெளிநாட்டு மலிவுத் துணியோடு மோதும் தையல்கூடங்களுக்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் உணவுக் கடைகளில் பயம் கணக்கைவிடப் பெரிதாக இருக்கிறது. 27.58 ராண்ட் 28.79 ராண்டாக ஏறிய ஆண்டில், நான்கு பேர் 45 மணி நேரம் வேலை செய்யும் டேக்அவேக்கு வாரக் கூலிச் செலவு 217.80 ராண்ட் கூடியது. வாரம் 600 சாப்பாடு விற்றால் ஒன்றுக்கு 36 சென்ட் சுமை; அதே ஆண்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு அரசு விதித்த வரியே 32 சென்ட். பிப்ரவரி கடைசியில் சரக்கிருப்பு எடுத்து ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, மார்ச் 1 முதல் வரும் புதிய கூலியை வைத்து இதே கணக்கை உங்கள் கடைக்கும் ஒருமுறை போட்டுப்பாருங்கள். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌவின் விலைப் பலகையை மாற்றி எழுத வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.