இளநீல நாடாவுக்குச் சாயம் ஏறிய விதம்

ஆடையின் ஓரங்களில் தொங்கல் கட்டுங்கள், ஒவ்வொரு தொங்கலிலும் ஒரு இளநீல நாடாவைச் சேருங்கள் என்று பைபிளின் எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம் இஸ்ரவேலருக்குக் கட்டளையிடுகிறது. நாடா கண்ணில் படும்போதெல்லாம் கடவுளின் கட்டளைகள் நினைவுக்கு வரவேண்டும், அதுதான் நோக்கம். வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அந்த நீலம் கடல் நத்தையிலிருந்து வந்தது என்கிறார்கள். நத்தை தின்னத்தகாத உயிர். அதன் சாயமோ ஊதா. இரண்டும் எப்படிப் பொருந்தும்?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. செட்டையும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்களை லேவியராகமம் 11 விலக்குவது உணவுக்காக. சாயத்துக்கு அது பொருந்துமா என்று பிற்கால ரபிகள் (யூத மதகுருக்கள்) விவாதித்திருக்கிறார்கள். எந்த உயிரிலிருந்து சாயம் எடுப்பது என்று எண்ணாகமம் சொல்லவில்லை. நத்தையைச் சுட்டிக்காட்டுவது தொல்லியலும் வேதியியலும்.

சீனாய் மலையில் கடவுள் இஸ்ரவேலரோடு செய்த உடன்படிக்கை அன்றாட வாழ்வில் தொடாத இடம் குறைவு. ஏழாம் நாளில் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு. அறுவடையில் வயலின் ஓரம் எளியவனுக்கு. ஏழாம் வருடம் நிலம் தரிசு. ஆண்குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம். ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் (எபிரெய மூலத்தில் லினன்) கலந்த துணி கூடாது. ஆனால் பிரதான ஆசாரியரின் உடையில் மெல்லிய பஞ்சுநூலோடு இளநீலக் கம்பளி நூலும் வரும். அரண்மனைக்கும் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்கும் உரிய விலையுயர்ந்த நிறத்தில் ஒரே ஒரு இழை, ஆடு மேய்ப்பவனின் ஆடை ஓரத்திலும் தொங்கியது. "ஆசாரிய ராஜ்யம்" என்று யாத்திராகமம் 19 சொல்வதை இதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத முடியாது என்பது என் கருத்து.

விலை ஏன் அவ்வளவு? 1909-இல் பால் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து, கிடைத்த 1.4 கிராம் சாயத்தில் ஊதாவின் மூலக்கூறு எது என்று கண்டார். அது டைபுரோமோஇண்டிகோ, அதாவது இரண்டு புரோமின் அணுக்கள் ஒட்டிய இண்டிகோ. அந்த இரண்டும் கழன்றுவிட்டால் மிஞ்சுவது வெறும் இண்டிகோ, நம்மூர் அவுரிச் செடி தரும் அதே நீலம். ஃபிரீட்லேண்டர் எடுத்தது வேறொரு நத்தை இனம். நீல நாடாவுக்குப் பொருந்துவது ஹெக்ஸாப்ளெக்ஸ் டிரங்குலஸ். இதன் சாயத்தில் இரண்டு புரோமின் உள்ளது, ஒன்று உள்ளது, ஒன்றுமே இல்லாதது என மூன்றும் கலந்திருக்கும்.

நத்தையின் உடம்பில் சாயமாக எதுவும் இருப்பதில்லை. ஓட்டை உடைத்துச் சுரப்பியை வெட்டினால் வருவது நிறமற்ற சளி. நொதி பட்டதும் அது மஞ்சளாகிப் பச்சையாகி, காற்றும் ஒளியும் சேர ஊதாவாகும். கூடவே கந்தகச் சேர்மங்களின் நாற்றம் கிளம்பும். நத்தை செத்து நேரமானால் சாயம் கெடும், அதனால் உயிரோடுதான் பிடித்து வைத்திருப்பார்கள்.

இந்த ஊதா நீரில் கரையாது, எனவே கம்பளியில் ஏறாது. முதலில் ஒடுக்க வேண்டும், அதாவது ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் நீரில் கரையும் வடிவுக்கு மாற்ற வேண்டும். சாயத்தை நத்தைச் சதையோடு தொட்டியில் போட்டு, காரம் சேர்த்து (பி.எச். 9 அளவில்), சுமார் 50 டிகிரி செல்சியஸில் மூடிவைத்தால், சதையில் வளரும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிடும். சில நாட்களில் சாயம் கரைந்து மஞ்சள்பச்சை நீராகிவிடும். சூடு மிகுந்தால் பாக்டீரியா சாகும். காற்று புகுந்தால் சாயம் அடியில் படியும். காரம் மிகுந்தால் கம்பளி பாழ்.

நிறம் மாறுவது இந்தக் கட்டத்தில்தான். 1980-களில் இஸ்ரேலில் சாய வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர் இந்தச் சாயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மேகமூட்டமான நாளில் கம்பளி ஊதாவாக வந்தது, வெயில் நாளில் நீலமாக வந்தது. ஒடுங்கிய கரைசலில் வெயில் படும்போது புறஊதா ஒளி புரோமின் பிணைப்பை அறுக்கிறது. ஒன்று கழன்றால் நிறம் நீலத்தை நோக்கிச் சாயும், இரண்டும் கழன்றால் இண்டிகோ. கம்பளியை முக்கி எடுக்கும்போது பச்சையாக இருக்கும், காற்றில் ஆக்ஸிஜனேற்றம் நடந்து கண்ணெதிரே நீலமாகும்.

அப்படியானால் சாயமேறிய ஊதாத் துணி வெயிலில் ஏன் நீலமாவதில்லை? ஒடுங்காத முழுச் சாய மூலக்கூறு ஒளியை வாங்கிய மறுகணமே, பிக்கோவினாடிக் கணக்கில் (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அந்த ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். பிணைப்பு அறுபட அவகாசமே இல்லை. ஒடுங்கிய மூலக்கூறு அந்த ஆற்றலை அதைவிடப் பல மடங்கு நேரம் பிடித்துவைத்திருக்கும், அதற்குள் புரோமின் கழன்றுவிடும். ஒரே நத்தை, ஒரே தொட்டி. மூடிவைத்தால் ஊதா, திறந்து வெயில் காட்டினால் நீலம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நிலத்தடியிலும் சாட்சிகள் இருக்கின்றன. கார்மேல் மலையருகே கடலோரத்தில் உள்ள தெல் ஷிக்மோனாவில் இரும்புக் காலச் சாயத் தொட்டிகளின் துண்டுகள் ஊதாக் கறையோடு கிடைத்தன. தெற்கு இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கின் சுரங்கப் பகுதியில் கிடைத்து 2021-இல் அறிவிக்கப்பட்ட கம்பளித் துணுக்குகள் சுமார் கி.மு. 1000-ஐச் சேர்ந்தவை, நத்தை ஊதா ஏறியவை.

அவுரி நீலமும் நத்தை நீலமும் ஒரே மூலக்கூறு என்றால் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? யூத மரபுச் சட்டத் தொகுப்பான டால்முட் உருவான காலத்திலேயே செடிச் சாயத்தை நத்தைச் சாயம் என்று விற்பவர்கள் இருந்தார்கள். இன்று சாயத்தின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் திரவ நிறப்பகுப்பில் மோனோபுரோமோஇண்டிகோவின் (ஒரு புரோமின் உள்ள இண்டிகோ) சுவடு தெரிந்தால் நத்தை, தெரியாவிட்டால் செடி. சாக்கடல் அருகே வாதி முரபாத் குகைகளில் 1950-களில் எடுத்த ரோமானியர் காலத் துணியொன்று நத்தை நீலம் என்பது இப்படித்தான் 2013-இல் வெளியானது. அறுபது ஆண்டு களஞ்சியத்தில் கிடந்த துணி அது. புதிதாகத் தோண்டக் கொடுக்கும் நிதியில் ஒரு பங்கைப் பழைய பெட்டிகளைத் திறக்கவும் ஒதுக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. போலந்தின் ராட்ஸின் நகர ரபி ஒருவர் 1880-களில் கணவாய் மீனின் மையிலிருந்து அந்த நீலத்தை மீட்டதாக அறிவித்தார், ஆயிரக்கணக்கானோர் அணிந்தார்கள். 1913-இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதிய ஐசக் ஹெர்சாக் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினார். வந்த விடை பிரஷ்ய நீலம், அதாவது இரும்பைக் கொண்டு செய்யும் செயற்கை நிறமி. இரும்புத்தூளும் பொட்டாஷும் சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கியதில், மை கொடுத்தது கரிமமும் நைட்ரஜனும் மட்டுமே. மாட்டு இரத்தத்தைப் போட்டிருந்தாலும் அதே நீலம் வந்திருக்கும்.