ஹிஜா: வசையா, அங்கதமா?

பழைய அரபுக் கவிதையில் ஒருவரையோ ஒரு குலத்தையோ இழித்துப் பாடுவதற்கு ஹிஜா என்று பெயர். ஹா, ஜீம், வாவ் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து வருவது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும் அரபியில் இதே சொல்தான். நெடுங்கணக்கை ‘ஹுரூஃபுல் ஹிஜா’ என்பார்கள். எதிரிமேல் ஏவும் மந்திரச் சாபமாகவே இந்தப் பாட்டு முதலில் இருந்தது என்பது இக்னாஸ் கோல்ட்ஸிஹர் என்ற ஆய்வாளரின் கருத்து.

இதன் இணை மதீஹ், அதாவது புகழ்ந்து பாடுவது. பெரும்பாலும் இரண்டையும் பாடியவர் ஒருவரேதான். அல்முத்தனப்பி என்ற கவிஞர் எகிப்தை ஆண்ட காஃபூரைப் புகழ்ந்தார். எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை. 962இல் அங்கிருந்து கிளம்பியதும் அதே காஃபூர்மேல் கொடிய வசை பாடினார்.

அந்தப் பாட்டுகளுக்கு இருந்த வலிமை சாதாரணமானதல்ல. ‘பெண் ஒட்டகத்தின் மூக்கு’ என்று பொருள்படும் குலப்பெயர் கொண்டவர்கள் அதை வெளியே சொல்லவே கூசினார்களாம். ஹுதைஆ என்ற கவிஞர் பாடினார்: “இவர்கள் மூக்கு, மற்றவர்கள் வால். ஒட்டகத்தின் மூக்குக்கு வாலைச் சமம் என்பார் யார்?” அப்புறம் அதே பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். நுமைர் குலத்துக்கு நடந்தது நேர்மாறு. “கண்ணைத் தாழ்த்து, நீ நுமைர் குலத்தான்” என்று ஜரீர் என்ற கவிஞர் ஒரு வரி பாடிவிட, அந்தக் குலத்தார் தங்கள் பெயரை மறைத்து, மூதாதைக் குலத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள் என்பது மரபுச் செய்தி.

ஹுதைஆவின் இன்னொரு பாட்டுதான் ஹிஜாவின் நுட்பத்தைக் காட்டுவது. ஸிப்ரிகான் என்ற தலைவரை நோக்கி அவர் பாடியது: “பெருமைகளை விடு, அவற்றைத் தேடிப் பயணம் போகாதே. உட்கார், நீதான் உண்ணவும் உடுக்கவும் உள்ளவன் ஆயிற்றே.” ஸிப்ரிகான் கலீஃபா உமரிடம் முறையிட்டார். உமருக்கு இதில் வசை இருப்பதாகத் தெரியவில்லை. “தின்பதும் உடுப்பதும்தானா என் ஆண்மை?” என்று குமுறினார் ஸிப்ரிகான். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது, இது வசையையும் தாண்டியது, அவர்மேல் மலமே கழித்திருக்கிறார் என்றார். ஹுதைஆவை உமர் இருண்ட குழியில் அடைத்தார். தண்ணீரும் மரமும் இல்லாத இடத்தில் வாடும் குஞ்சுகளாகத் தன் பிள்ளைகளைச் சொல்லி அவர் பாடிய பிறகே விடுதலை கிடைத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வசை’ என்று பலரும் எழுதுகிறார்கள். ஜரீரின் வரிக்கு அது பொருந்தும், ஹுதைஆவின் வரிக்குப் போதாது. ‘நையாண்டி’ மிகவும் லேசான சொல். தொல்காப்பியம் செய்யுளியலில் ‘அங்கதம்’ இரண்டு வகை: வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம், அதற்குத்தான் வசை என்று பெயர், மறைத்துச் சொல்வது பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த மனைக்குள் இருக்கின்றன என்று ஔவையார் பாடியது (புறநானூறு 95) பழிகரப்புதான். அரண்மனையைப் புகழ்வதுபோல இருக்கும், போர்க்களம் காணாத வேல்கள் என்பதே அதன் பொருள்.

எனவே ஹிஜாவுக்கு ‘அங்கதப்பா’ என்பதே என் தேர்வு. மதீஹுக்கு ‘புகழ்ப்பா’ போதும். தலைவனைப் புகழ்ந்து பாடும் புறத்திணையின் பெயரால் ‘பாடாண்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அந்தத் திணைக்குள் வேறு துறைகளும் இருப்பதால் அது சற்று அகலமாகிவிடுகிறது.