வீடு காட்டுற ஏஜென்ட் யாரோட ஆள்? அதைக் கேட்டுட்டு பேச ஆரம்பிங்க

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல நடந்தது இது. ஒரு வீட்டை வித்துத் தரச் சொல்லி அதோட ஓனர் என்கிட்ட குடுத்திருந்தாரு, கமிஷன் பேசி எழுத்துல ஒப்பந்தம் எல்லாம் போட்டாச்சு. அதைப் பாக்க ஒரு கணவன் மனைவி வந்தாங்க. வீட்டைச் சுத்திக் காட்டிட்டு கார்ல திரும்பி வரும்போது அந்தம்மா ரொம்ப சந்தோஷமா, "தம்பி, வீடு எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, முதல்ல ஒரு விலை கேப்போம், அவங்க இறங்கி வரலன்னா அதுக்கு மேல பத்து பர்சன்ட் வரைக்கும் கூட குடுத்துடுவோம், நீங்கதான் நமக்காக பேசி முடிச்சுத் தரணும், அவங்ககிட்ட மட்டும் இதை சொல்லிடாதீங்க"ன்னு சொன்னாங்க.

"நமக்காக"ன்னு அவங்க சொன்னப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. நான் ஓனரோட ஏஜென்ட், விலை சம்பந்தமா என் காதுல விழுறது எதுவா இருந்தாலும் அவர்கிட்ட சொல்லியாகணும், அது என் கடமை, சொன்னேன். அவரும் பிடிச்ச பிடியில நின்னாரு, கடைசியில அந்தக் குடும்பம் அந்தப் பத்து பர்சன்ட்டையும் சேர்த்துத்தான் குடுத்து வாங்கினாங்க. ஓனர்கிட்ட சொன்னதுல தப்பு இல்ல. கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே "அம்மா, நான் விக்கிறவரோட ஆளு, உங்க பட்ஜெட்டை என்கிட்ட சொல்லாதீங்க"ன்னு சொல்லாம விட்டேன் பாருங்க, அதுதான் தப்பு, இன்னிக்கு வரைக்கும் மனசுல உறுத்துது. அன்னிக்கு அவங்களுக்கு சொல்லாததைத்தான் இப்ப எழுதுறேன்.

ஏஜென்ட்டுன்னா வீடு காட்டுறவரு, ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறவருன்னு பொதுவா நினைக்கிறோம். சட்டத்துல அந்த வார்த்தைக்கு எடை ஜாஸ்தி. ஒருத்தருக்குப் பதிலா, அவரோட இடத்துல நின்னு, மூணாவது மனுஷங்ககிட்ட பேசுறவருதான் ஏஜென்ட். யாருக்காக நிக்கிறாரோ அவரு கிளையன்ட், எதிர்ப்பக்கம் இருக்கிறவரு வெறும் கஸ்டமர். ரெண்டு பேர்கிட்டயும் ஏஜென்ட் ஒரே மாதிரி சிரிச்சுப் பேசுவாரு, ஒரே கார்ல கூட்டிட்டுப் போவாரு, போன் பண்ணா உடனே எடுப்பாரு, அதனால வெளியில இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது. ஆனா கிளையன்ட்டுக்கு அவர் விசுவாசமா இருக்கணும், கஸ்டமருக்கு நேர்மையா இருந்தா போதும்.

இந்த விசுவாசம்ங்கிறது வெறும் பேச்சுக்கு இல்ல, அதுக்குள்ள கறாரான கடமைகள் இருக்கு. கிளையன்ட்டோட ரகசியத்தைக் காப்பாத்தணும். சட்டத்துக்கு உட்பட்டு அவர் சொல்றதைக் கேக்கணும், வாங்கின காசுக்குக் கணக்குக் காட்டணும், தொழில் தெரிஞ்ச ஒருத்தர் காட்டுற கவனத்தோட வேலை செய்யணும், தனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயம் எதையும் அவர்கிட்ட மறைக்கக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் வழுக்குவாங்க. ஒரு ஆஃபர் பேசி வாய்வார்த்தையா முடிஞ்சிருக்கும், ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு பார்ட்டி கூட விலைக்கு வருவாரு, ஏஜென்ட் "அதான் பேசி முடிச்சாச்சே"ன்னு அதை ஓனர் காதுக்கே கொண்டு போக மாட்டாரு. இங்கிலாந்துல 1927-லயே இதே மாதிரி ஒரு கேஸ் வந்துச்சு, கட்டுப்படுத்துற ஒப்பந்தம் ஆகுற வரைக்கும் நல்ல ஆஃபர் வந்தா ஏஜென்ட் ஓனருக்குத் தெரியப்படுத்தியே ஆகணும்னு கோர்ட் சொல்லி, அந்த ஏஜென்ட்டை நஷ்ட ஈடு குடுக்க வச்சது.

அதுக்கும் முன்னாடி 1903-ல இன்னொரு தீர்ப்பு, புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு நான் சொல்ற முதல் பாடம் அதுதான். ஒரு ஏஜென்ட் சொத்தை வித்துக் குடுத்துட்டு விக்கிறவர்கிட்ட 50 பவுண்டு கமிஷன் வாங்கினாரு, அவருக்குத் தெரியாம வாங்கினவர்கிட்டயும் 20 பவுண்டு வாங்கிட்டாரு. கோர்ட் அந்த 20 பவுண்டோட விடல, முறையா வாங்கின 50 பவுண்டு கமிஷனையும் திருப்பிக் குடுக்க வச்சது. ரகசியமா எதிர்ப்பக்கம் கை நீட்டினா முறையான கூலியும் போயிடும், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் கொள்கை மாறல.

அப்ப கஸ்டமருக்கு ஒண்ணுமே கிடையாதான்னு கேப்பீங்க. இருக்கு. எதிர்ப்பக்க ஏஜென்ட் உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. கூரை ஒழுகுறது தெரிஞ்சிருந்து, நீங்க கேக்கும்போது "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க"ன்னா அது மோசடி, பல இடங்கள்ல நீங்க கேக்கலன்னாலும் தெரிஞ்ச பெரிய குறையை தானா சொல்லணும்னு விதியே இருக்கு. ஆனா "இந்த விலைக்கு இது தகுமா, இன்னும் எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம், ஓனருக்கு அவசரமா"ன்னு கேட்டா, அதுக்கு பதில் சொல்ற கடமை அவருக்கு இல்ல. சொன்னா தன் கிளையன்ட்டுக்கு துரோகம் பண்றாருன்னு அர்த்தம், உங்களுக்காக அவருக்கு துரோகம் பண்றவர் நாளைக்கு உங்களுக்கும் பண்ணுவாரு.

இந்த உறவு எப்ப ஆரம்பிக்குதுங்கிறதுலயும் நிறைய குழப்பம் இருக்கு. கையெழுத்து போட்டாத்தான் ஏஜென்ட்னு நினைக்காதீங்க, நடந்துக்கிற விதத்துலயே இது உண்டாகலாம். நான் விக்கிறவரோட ஏஜென்ட்டா இருந்துட்டே வாங்க வந்தவர்கிட்ட "நீங்க கவலைப்படாதீங்க, நான் பேசி குறைச்சு வாங்கித் தரேன்"னு நாலு தடவை சொன்னா, அவருக்கும் நான்தான் ஏஜென்ட்னு ஒரு கோர்ட் முடிவு பண்ண இடம் இருக்கு, அப்ப நான் ரெண்டு பக்கமும் மாட்டிக்குவேன். காசு யாரு குடுக்கிறாங்கங்கிறதை வச்சும் இதை முடிவு பண்ண முடியாது. வாங்குறவரோட ஏஜென்ட்டுக்கு விக்கிறவர் பணத்துல இருந்து கமிஷன் போறது உண்டு, அதனால அவர் விக்கிறவரோட ஆள் ஆயிட மாட்டாரு. இந்திய காண்ட்ராக்ட் ஆக்ட் 1872, 185-வது பிரிவு இதை ஒரே வரியில முடிச்சிடுது, ஏஜென்சி, அதாவது இந்த ஏஜென்ட் உறவு, உண்டாகுறதுக்கு பிரதிபலனே (பதிலுக்குக் குடுக்கிற காசோ வேற எதுவுமோ) தேவையில்லைன்னு. இலவசமா உதவி பண்றேன்னு வந்தவருக்கும் ஏஜென்ட்டோட கடமைகள் வந்து ஒட்டிக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு. ஏஜென்ட்டுக்கு அந்த வேலையில தெரிய வந்தது, கிளையன்ட்டுக்கும் தெரிஞ்ச மாதிரிதான் சட்டம் எடுத்துக்கும். நீங்க ஓனரா இருந்து, உங்க ஏஜென்ட்டுக்கு பக்கத்து இடத்தோட எல்லைத் தகராறு தெரிஞ்சு அவர் உங்ககிட்ட சொல்லாமயே விட்டுட்டா, நாளைக்கு "எனக்குத் தெரியாதுங்க"ன்னு நீங்க நிக்க முடியாது. அவர் உங்க வேலையா போய் வாங்குறவர்கிட்ட சொல்ற பொய்க்கும் நீங்க பதில் சொல்ல வேண்டி வரும். அதனால ஏஜென்ட்டை கமிஷன் கம்மின்னு மட்டும் பாத்து பிடிக்காதீங்க, உங்க பேர்ல பேசப் போற வாய் அது.

அமெரிக்காவுல இந்தக் குழப்பம் எவ்வளவு பெருசா போச்சுன்னு சொல்றேன். அங்க ரொம்ப காலமா ஒரு ஏஜென்ட் விக்கிறவருக்காக வீட்டை லிஸ்ட் பண்ணுவாரு, அதாவது விற்பனைப் பட்டியல்ல போடுவாரு, இன்னொரு ஏஜென்ட் வாங்குறவரைக் கூட்டிட்டு வருவாரு, வாரக்கணக்குல அவங்களோட சுத்தி, குடும்பக் கதையெல்லாம் கேட்டு வீடு தேடித் தருவாரு. ஆனா சட்டப்படி அவரு விக்கிறவரோட சப்-ஏஜென்ட், அதாவது விக்கிறவரோட ஏஜென்ட்டுக்குக் கீழ அவருக்காகவே வேலை செய்றவரு. வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க அவரைத் தங்களோட ஆளுன்னே நம்பிட்டு இருந்தாங்கன்னு அங்க வாடிக்கையாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1983-ல வெளியிட்ட அறிக்கையில தெரிய வந்துச்சு. அதுக்கப்புறம்தான் மாநிலம் மாநிலமா "நான் யாரோட ஏஜென்ட்"னு எழுத்துல தெரிவிக்கணும்னு சட்டங்கள் வந்துச்சு, வாங்குறவருக்குன்னே தனி ஏஜென்ட்ங்கிற முறையும் வளர்ந்துச்சு. 2024-ல அங்க ஏஜென்ட்டுங்களோட சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் ஒரு வழக்குல சமரசம் ஆன பிறகு, அந்த வருஷம் ஆகஸ்ட் 17-ல இருந்து அவங்க லிஸ்டிங் சிஸ்டத்துல இருக்கிற ஏஜென்ட், வாங்குறவரை வீடு பாக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட கமிஷன் உட்பட எழுத்துல ஒப்பந்தம் போடணும். நல்ல மாற்றம்னு நான் மனசார நினைக்கிறேன், என் கார்ல உக்காந்த அந்தம்மாவுக்கு அப்படி ஒரு பேப்பர் அன்னிக்கு கையில இருந்திருந்தா அந்த வார்த்தையே வந்திருக்காது.

ரெண்டு பக்கத்துக்கும் ஒருத்தரே ஏஜென்ட்டா இருக்கிற டூயல் ஏஜென்சி பத்தி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. விக்கிறவருக்கு அதிக விலை வாங்கித் தரணும், வாங்குறவருக்குக் குறைஞ்ச விலைக்கு முடிச்சுத் தரணும், ரெண்டும் ஒரே தலைக்குள்ள. ரெண்டு பேரும் எழுத்துல சம்மதிச்சா பல இடங்கள்ல இது செல்லும், ஆனா சம்மதிச்ச பிறகு அந்த ஏஜென்ட் யாருக்கும் விலை பத்தி ஆலோசனையே சொல்ல முடியாம நடுவுல காகிதம் கொண்டு போய்க் குடுக்கிற ஆளா ஆயிடுவாரு, நீங்க குடுக்கிற கமிஷன் மட்டும் முழு ஏஜென்ட்டுக்கு உள்ளது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018 ஜூன்ல அபூர்வமான விதிவிலக்கு தவிர இதை தடையே பண்ணிடுச்சு. சில இடங்கள்ல ஒரே கம்பெனிக்குள்ள ஒருத்தரை விக்கிறவருக்கும் இன்னொருத்தரை வாங்குறவருக்கும் தனித்தனியா ஒதுக்குவாங்க, அது பரவால்ல, ஆனா ரெண்டு ஏஜென்ட்டும் பக்கத்து பக்கத்து மேஜைன்னா ரகசியம் எப்படி காப்பாத்துவீங்கன்னு நேரா கேளுங்க. யாருக்கும் ஏஜென்ட்டா இல்லாம பேப்பர் வேலையை மட்டும் முடிச்சுத் தர்ற முறையும் இருக்கு, பேரம் நீங்களே பேசத் தெரிஞ்சவரா இருந்தா மட்டும் அது சரி. நான் டூயல் எடுக்கிறதே இல்ல, அப்படி ஒரு நிலை வந்தா ஒரு பக்கத்தை வேற ஆளுக்கு அனுப்பி விட்டுடுவேன்.

உங்களுக்குன்னே ஏஜென்ட் வச்சாச்சு, இனிமே கவலை இல்லைன்னும் இருந்துடாதீங்க. பெர்முடாவுல பக்கத்து பக்கத்துல ரெண்டு வீடு, ரெண்டு ஓனரும் ஒரே ஏஜென்ட்கிட்ட விக்கக் குடுத்திருந்தாங்க. ஒரு பணக்காரர் ஒரு வீட்டை வாங்க பேசி முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்கும் ஆஃபர் குடுத்தாரு. ரெண்டும் ஒருத்தரே வாங்குறாருன்னு தெரிஞ்சிருந்தா கூட கேட்டிருப்பேனே, ஏஜென்ட் ஏன் சொல்லலன்னு ஒரு ஓனர் கேஸ் போட்டாரு. 1992-ல பிரிவி கவுன்சில், அதாவது லண்டன்ல இருக்கிற பெர்முடாவோட கடைசி அப்பீல் கோர்ட், ஏஜென்ட் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது, ஒரே மாதிரி சொத்து வச்சிருக்கிற பல பேருக்கு வேலை செய்றதுதான் எஸ்டேட் ஏஜென்ட்டோட தொழிலே, ஒரு கிளையன்ட்டோட ரகசியத்தை இன்னொரு கிளையன்ட்டுக்கு அவர் சொல்ல முடியாதுன்னு. ஏஜென்ட் வைக்கும்போதே "என் இடத்துக்குப் பக்கத்துல வேற யாருக்காவது வேலை பாக்குறீங்களா"ன்னு கேக்கச் சொல்றது அதனாலதான்.

கமிஷன் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாத்துக்கோங்க. கமிஷன் 2 பர்சன்ட், உங்க வீடு 100-க்கு போற இடத்துல இன்னும் கொஞ்சம் காத்திருந்து 105-க்கு போச்சுன்னா உங்களுக்கு 5 ஜாஸ்தி, ஏஜென்ட்டுக்கு வெறும் 0.1 தான் ஜாஸ்தி. அந்த 0.1-க்காக அவர் இன்னும் ரெண்டு வாரம் அலையணும். சிகாகோ பக்கம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனையை எடுத்து 2008-ல வெளியான ஒரு ஆய்வுல, ஏஜென்ட்டுங்க தங்களோட சொந்த வீட்டை விக்கும்போது மத்தவங்க வீட்டை விட சராசரியா 9.5 நாள் கூடுதலா காத்திருந்து 3.7 பர்சன்ட் கூட விலைக்கு வித்திருந்தாங்க. எல்லா ஏஜென்ட்டும் கெட்டவங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, நல்லவங்களையும் அந்தக் கணக்கு ஒரு பக்கம் இழுக்கும். "இதுவே நல்ல ஆஃபர், முடிச்சிடலாம்"னு உங்க ஏஜென்ட் சொன்னா சமீபத்துல பக்கத்துல எவ்வளவுக்கு வித்ததுன்னு ஆதாரம் காட்டச் சொல்லுங்க, நல்ல ஏஜென்ட் அதுக்கு கோபப்பட மாட்டாரு.

பவர் பத்தியும் ஒரு வார்த்தை, சாதாரணமா ஒரு ஏஜென்ட்டுக்கு ஆள் கொண்டு வரவும் பேசவும்தான் அதிகாரம், உங்களுக்காக கையெழுத்து போட முடியாது, அதுக்கு பவர் ஆஃப் அட்டர்னி தனியா எழுதிக் குடுக்கணும். "நானே முடிச்சுத் தரேன், பவர் குடுங்க"ன்னு கேட்டா வக்கீலைப் பாக்காம குடுக்காதீங்க.

வேலை முடிஞ்சாலோ, ஒப்பந்தக் காலம் முடிஞ்சாலோ, ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்து போனாலோ இந்த உறவு முடிஞ்சிடும். ரகசியம் மட்டும் முடியாது. முதல்ல சொன்னேனே அந்த வீட்டு ஓனர், அவரு ஏன் விக்கிறாரு, எந்த விலை வரைக்கும் இறங்கத் தயாரா இருந்தாருன்னு எனக்குத் தெரியும். வருஷம் கழிச்சு அந்தம்மாவே என்கிட்ட கேட்டாங்க, "இப்பவாவது சொல்லுங்க தம்பி, அவரு எவ்வளவுக்கு குடுத்திருப்பாரு"ன்னு. நான் சொல்லல. அதுக்குப் பதிலா, அன்னிக்கு கார்ல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதை அப்பதான் அவங்ககிட்ட சொல்லி மன்னிப்பு கேட்டேன்.